ஏழு மாசம் பாவிச்ச நியூஸ் அலேட்: மூண்டு மெசேஜ் வந்திச்சு, நாலாவது வரேல்ல

அஞ்சு ஸ்டாருக்கு ஒண்டரை. அந்த அரையும் கரண்ட் கட் மெசேஜுக்காகத்தான்.

கொம்பனிட பேர் போடேல்ல. போட்டா கீழ வந்து அவங்கட ஆக்களும் மற்றக் கொம்பனி ஆக்களும் சண்டை பிடிப்பினம், நான் சொல்ல வந்தது அப்பிடியே அடிபட்டுப் போயிடும். போனுக்கு தமிழில பிரேக்கிங் நியூஸ் எஸ்எம்எஸ் அனுப்பி ஒவ்வொரு நாளும் ரீலோட் காசில இருந்து நாலு ரூபாவும் வரியும் வெட்டுற சேர்விஸ் எண்டா பாவிக்கிற ஆக்களுக்கு விளங்கும். நானா விரும்பி எடுக்கேல்ல, ஏதோ ஒரு மெசேஜுக்கு ஓகே அமத்துப்பட்டு ஒட்டிக்கொண்டது, பிறகு பாத்தா பரவாயில்லை எண்டு விட்டிட்டன்.

நல்லதை முதல்ல சொல்லுறன். எங்கட திருகோணமலையில உப்புவெளிப் பக்கம் எத்தின மணிக்கு கரண்ட் போகும் எண்டு சரியா வரும். காஸ் விலை, பெற்றோல் விலை மாறினா இரவு பதினொண்டுக்கும் வரும். கடலுக்குப் போக வேண்டாம் எண்டு வானிலை ஆக்கள் சொன்னா அதுவும் வரும், எங்கட மச்சான் ஒருத்தர் சல்லி எண்ட ஊரில போட் வச்சிருக்கிறார், நான் அவருக்கு உடன போர்வேட் பண்ணுவன். தமிழும் மோசமில்லை. சில சேர்விஸ் மாதிரி சிங்களத்தில இருந்து கொம்பியூட்டரில மாத்தின தமிழ் இல்லை, ஒரு மனிசன் இருந்து எழுதுறான் எண்டு தெரியும்.

அதுதான் எனக்கு இன்னும் கோவம். மிசின் எழுதியிருந்தா மன்னிச்சிருப்பன்.

நடந்தது இது. எங்கட ஒழுங்கையில இருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளி, மனையாவெளிப் பக்கம், ஒரு ஏழு வயசுப் பொடியன் பின்னேரம் ரியூசனுக்குப் போனவன் திரும்பி வரேல்ல. நாலு மணிக்கு ரியூசன் முடியும், நாலரைக்கும் இல்லை, அஞ்சுக்கும் இல்லை. தாய் செருப்பும் போடாம ரியூசன் ரீச்சர் வீட்டை ஓடிப் போய்க் கேட்டா, பொடியன் அண்டைக்கு ரியூசனுக்கே வரேல்லையாம். அதோட ஒழுங்கை முழுக்கக் கிளம்பிற்று. கடற்கரைக்குக் கொஞ்சப் பேர், பஸ் ஸ்ராண்ட் பக்கம் கொஞ்சப் பேர், நான் என்ர மோட்டசைக்கிளில பத்திரகாளி அம்மன் கோயிலடி, மக்கெய்சர் மைதானத்தடி எல்லாம் ஒரு சுத்துச் சுத்தினன். மான் கூட்டம் நிண்டு புல்லு மேயுது, பொடியள் கிரிக்கெட் அடிக்கிறாங்கள், எங்கட பொடியன் மட்டும் இல்லை. ஒருத்தர் 119க்கு அடிச்சிட்டார், பொலிஸும் வந்திட்டுது.

5.52க்கு என்ர போன் 'டிங்' எண்டிச்சு. "திருகோணமலையில் ஏழு வயதுச் சிறுவன் மாயம்." சரி, அதில பிழையில்லை. அது உதவி. அந்த மெசேஜைப் பாத்து சாம்பல்தீவில இருந்து கூட எங்கட சொந்தக்காரர் எடுத்துக் கேட்டவை.

6.20க்கு ரெண்டாவது. "சிறுவன் மாயம்: மோட்டார் சைக்கிளில் வந்த மர்ம நபர் யார்?"

எனக்கு வாசிக்க வாசிக்கவே கை நடுங்கிச்சு, ஏனெண்டா அந்த 'மர்ம நபர்' ஆர் எண்டு எங்கட ஒழுங்கையில எல்லாருக்கும் தெரியும். சட்டி பானை தவணைக்குக் குடுக்கிற அண்ணை. மோட்டசைக்கிளுக்குப் பின்னால பெரிய கூடை கட்டி அலுமினியச் சட்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்ரிக் வாளி எல்லாம் அடுக்கிக்கொண்டு மாசத்தில ரெண்டு தரம் வருவார், பெண்டுகள் காசை மாசாமாசம் குடுப்பினம், அவர் ஒரு சின்னக் கொப்பியில எழுதுவார். நாலு வருசமா வாறார். எங்கட வீட்டுப் படியில இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறார். அண்டைக்கு மத்தியானமும் வந்தவர், அந்தப் பொடியனுக்கு ஒரு ரொபி குடுத்ததை ஆரோ கண்டவையாம். அவ்வளவுதான் கதை. 6.20க்கு அவர் மர்ம நபர், 6.35க்கு வட்ஸ்அப்பில அவற்ற படம் வந்திட்டுது, ஆரோ போன வருசம் வாளி வாங்கேக்க எடுத்த படம், நம்பர் பிளேட்டோட. கீழ கேள்வி என்னெண்டா "இவன் எந்த ஆக்கள்?". அவர் எந்த ஊர், என்ன மதம் எண்டு நான் இதில எழுத மாட்டன். எழுதினா இந்த ரிவியூவும் அந்த மெசேஜும் ஒண்டுதான்.

6.47க்கு மூண்டாவது. "பெற்றோர் மீதும் சந்தேகம்? அயலவர்கள் பரபரப்புத் தகவல்." அந்த அயலவர்கள் நாங்கள்தானே, நாங்கள் என்ன தகவல் சொன்னம் எண்டு யோசிச்சா, ஒரு மாமி கேற்றடியில நிண்டு "தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லையடி, கல்லு மாதிரி நிக்குது" எண்டு சொன்னவ, அது எனக்கும் கேட்டது. அதுதான் பரபரப்புத் தகவல்! அந்தத் தாய் அழாததுக்குக் காரணம் அவள் பொலிஸ்காரருக்கு பொடியன்ட சேட் கலர், ரியூசன் கொப்பி, கால்ல இருக்கிற தழும்பு எண்டு ஒவ்வொண்டா சொல்லிக்கொண்டு நிண்டவள், அழுதா சொல்ல ஏலாது.

7.30க்குப் பொடியனைக் கண்டுபிடிச்சாச்சு. கரையில ஏத்தி வச்சிருந்த ஒரு போட்டுக்குள்ள, வலைக்கு மேல, நல்ல நித்திரை. ரியூசன் காசைத் துலைச்சுப்போட்டு அப்பாட அடிக்குப் பயந்து போய் ஒளிச்சவன் அப்பிடியே கண்ணயர்ந்திட்டான். தூக்கிக்கொண்டு வர மீன் நாத்தத்தோட கண்ணைக் கசக்கிக்கொண்டு "அம்மா பசிக்குது" எண்டான். அப்பதான் தாய் அழுதவள். குந்தி இருந்து குழறி அழுதவள். அந்த நேரம் ஒருத்தரும் வீடியோ எடுக்கேல்ல.

நான் போனைப் பாத்துக்கொண்டு இருந்தன். எட்டு மணி, ஒண்டுமில்லை. ஒன்பது, ஒண்டுமில்லை. விடிய ஆறு மணிக்கு 'டிங்'. ராசிபலன். மிதுன ராசிக்கு வீண் பழி நீங்குமாம்.

நாலாவது மெசேஜ் இண்டைக்கு வரைக்கும் வரேல்ல.

இந்தச் சேர்விஸில 'உலகம்' எண்டு இன்னொரு பகுதி இருக்கு, அதிலயும் இதே வியாபாரம்தான். மே மாசம் வந்தா மெடலின் மெக்கான் கதை வரும், போர்த்துக்கலில காணாமப் போன இங்கிலாந்துப் பிள்ளை. இந்த முறை வந்த தலைப்பு "மகளைத் தொலைத்த பெற்றோர் குற்றவாளிகளா?". எனக்கு அந்தக் கேஸ் கொஞ்சம் தெரியும், லண்டனில இருக்கிற என்ர அக்காட வீட்டில 2007இல அதைத்தான் முழு நாளும் ரிவியில போட்டவை, நான் அப்ப அங்க ஆறு மாசம் நிண்டனான். அதனால சொல்லுறன், அந்தத் தலைப்பு 2008 ஜூலையோட செத்துப் போன தலைப்பு.

பிள்ளைக்கு நாலு வயசு ஆக இன்னும் ஒம்பது நாள் இருந்தது. 2007 மே 3 இரவு, பிராயா டா லூஸ் எண்ட கடற்கரை ஊரில, தாய் தகப்பன் அம்பது அறுவது மீற்றர் தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையில கூட்டாளிமாரோட இருக்கேக்க, வாடகைக்கு எடுத்த வீட்டில நித்திரையா இருந்த பிள்ளையைக் காணேல்ல. பிள்ளையளைத் தனிய விட்டிட்டுப் போனது பிழையோ எண்டு கேட்டா பிழைதான், அதை அவையளே சொன்னவை. ஆனா அதில இருந்து 'கொலை செய்து போட்டினம்' எண்டதுக்கு எவ்வளவு தூரம்? பேப்பர்காரருக்கு ஒரு நாள் தூரம். போர்த்துக்கலில அப்ப இருந்த சட்டத்தில விசாரணை நடக்கேக்க பொலிஸ் வாய் திறக்கக் கூடாது, அதனால உத்தியோகபூர்வமா ஒரு செய்தியும் இல்லை, ஆனா நூற்றுக்கணக்கில ரிப்போட்டர்மார் அந்தச் சின்ன ஊரில வந்து குந்திக்கொண்டு இருக்கினம், அவைக்கு நாளைக்குப் பக்கம் நிரப்ப வேணும். பிறகென்ன, 'பெயர் குறிப்பிட விரும்பாத வட்டாரம்' தான்.

முதல்ல பிடிச்சது அந்தப் பக்கத்திலயே இருந்த ஒரு மனிசனை. அவருக்கு இங்கிலிசும் போர்த்துக்கீசும் தெரியும், பொலிசுக்கு மொழிபெயர்த்து உதவி செய்தவர். உதவி செய்ததுதான் அவர் செய்த பிழை. ஒரு ரிப்போட்டர் இந்தாளைப் பாத்தா சந்தேகமா இருக்கு எண்டு பொலிசிட்டச் சொல்ல, ரெண்டு கிழமைக்குள்ள அவர் 'அர்கிதோ'. இந்தச் சொல்லைக் கவனிக்கோணும். அதுக்குக் குற்றவாளி எண்டு அர்த்தமில்லை, பொலிஸ் சந்தேகத்தோட விசாரிக்கிற ஆளுக்குக் குடுக்கிற சட்ட நிலை, அந்த நிலை வந்தா லோயரை வச்சுக்கொள்ளலாம், கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கலாம். அப்பிடி ஆளுக்குப் பாதுகாப்பும் குடுக்கிற சொல்லை பேப்பர் பழி போடுற சொல்லா மாத்தினது. செப்ரெம்பர் 7 தாயும் தகப்பனும் அர்கிதோ. 2008 ஜூலை 21, மூண்டு பேரிலயும் இருந்து அதை எடுத்தாச்சு, ஆதாரம் இல்லை எண்டு. எங்கட சேர்விஸ்காரர் 'அர்கிதோ'வை 'குற்றவாளி' எண்டு போட்டு, அதை எடுத்த கதையை மட்டும் விட்டிட்டினம்.

அந்த மனிசனுக்கு 11 பேப்பர் சேந்து 6 லட்சம் பவுண் குடுத்தது. தாய் தகப்பனைப் பற்றி எழுதினதுக்கு டெய்லி எக்ஸ்பிரஸும் டெய்லி ஸ்ராரும் 2008 மார்ச்சில முன் பக்கத்திலயே மன்னிப்புப் போட்டு, பிள்ளையைத் தேடுற நிதிக்கு ஐஞ்சரை லட்சம் பவுண் கட்டினது. பிறகு அதே வருசம் இன்னொரு பேப்பர் தாய்ட டயறியைக் கேக்காமக் கொள்ளாமப் போட்டது, அந்தம்மா 2011இல, இங்கிலாந்துப் பேப்பர்காரரிட நடத்தையைப் பற்றி நடந்த லெவெசன் விசாரணையில போய் அதைச் சொன்னவ. பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது. ஜேர்மன்காரர் 2020இல ஒரு ஆளைச் சந்தேகம் எண்டு சொன்னாங்கள், ஆனா இந்தக் கேஸில அவரில இன்னும் குற்றச்சாட்டுப் போடேல்ல.

வெள்ளைக்காரருக்கு நட்டஈடாவது கிடைச்சது எண்டு என்ர மனிசி சொன்னவ. சட்டி அண்ணைக்கு எந்தப் பேப்பர் முன் பக்கத்தில மன்னிப்புக் கேக்கும்?

'அழாத தாய்' கதைக்கு இதைவிடப் பழசு ஒண்டு இருக்கு. 1980 ஓகஸ்ட், அவுஸ்திரேலியாவில ஊலூரு எண்ட பெரிய சிவப்புப் பாறையடியில கூடாரம் போட்டுத் தங்கின குடும்பம், ரெண்டு மாசக் கைக்குழந்தையை டிங்கோ எண்ட காட்டு நாய் தூக்கிக்கொண்டு போயிட்டுது எண்டு தாய் கத்தினவ. ஒருத்தரும் நம்பேல்ல. ரிவியில அவ அழேல்லயாம். பிள்ளைட பேர் அசாரியா எண்டதுக்கு 'வனாந்தரத்தில பலி' எண்டு அர்த்தமாம், அதுவும் கட்டுக்கதை. காருக்குள்ள பிள்ளைட ரத்தம் எண்டு கோட்டில சொன்னாங்கள், கடைசியில பாத்தா அது காருக்கு சத்தம் கேக்காம இருக்க அடிக்கிற பூச்சு. 1982இல ஆயுள் தண்டனை. 1986இல பிள்ளைட மேல்சட்டை நாய்க்குகைப் பக்கம் அம்பிட்ட பிறகுதான் வெளிய விட்டது, 1988இல தீர்ப்பை ரத்துச் செய்தது, டிங்கோதான் கொண்டு போனது எண்டு சட்டப்படி எழுதிக் குடுத்தது 2012இல. முப்பத்திரண்டு வருசம்! எங்கட மாமி கேற்றடியில சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், ஊர்தான் வேற.

ஏன் தூர இடம்? எங்கட நாட்டிலயே 2015இல கொட்டதெனியாவயில ஒரு சின்னப் பிள்ளைக்கு நடந்த கொடுமையில முதல்ல பிடிபட்டது ஒரு 17 வயசுப் பள்ளிக்கூடப் பொடியன், ஊரே அவன்தான் எண்டு முடிவு கட்டியிருந்தது, டிஎன்ஏ அவன் இல்லை எண்டு காட்டினது. அதுக்குப் பிறகு ஒருத்தர் நான்தான் செய்தனான் எண்டு சொன்னார், அவற்றயும் பொருந்தேல்ல, கடைசியில பொருந்தினது அவற்ற கூடப்பிறந்த சகோதரன்ட, அவருக்குத்தான் 2016இல தண்டனை. தமிழ்நாட்டில 2018இல பிள்ளை பிடிக்கிறவள் எண்டு நினைச்சு, கோயிலுக்குப் போற வழியில பிள்ளையளுக்கு சொக்லேட் குடுத்த ஒரு வயசான அம்மாவை அடிச்சே கொண்டவங்கள். அந்தக் காலம் இந்தியாவில சுத்தின வீடியோ ஒண்டு இருக்கு, மோட்டசைக்கிளில வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுற மாதிரி. அது கராச்சியில பிள்ளையளைக் கவனமா பாருங்கோ எண்டு எடுத்த விழிப்புணர்வு வீடியோ. கடைசியில பிள்ளையைத் திருப்பிக் கொண்டு வந்து இறக்கிவிட்டிட்டு ஒரு அட்டையைப் பிடிச்சுக் காட்டுறாங்கள். அந்தக் கடைசித் துண்டை வெட்டிப்போட்டுத்தான் அனுப்பினது. அந்த வெட்டின துண்டுதான் அவையள் அனுப்பாத நாலாவது மெசேஜ்.

பயம் பொய் எண்டு நான் சொல்லேல்ல, தப்பா விளங்க வேண்டாம். 2009 மார்ச்சில எங்கட ரவுணிலயே பள்ளிக்கூடம் போன ஆறு வயசுப் பிள்ளையைக் கடத்திக் கப்பம் கேட்டு, கடைசியில சவமாத்தான் எடுத்தது. பிடிபட்ட ஆக்களில முக்கியமானவையும் பொலிஸ் பாதுகாப்பில இருக்கேக்கயே செத்துப் போக, கோட்டுக்கு வரவேண்டிய கதை வரவே இல்லை. இந்த ஊரில தாய்மாருக்கு அந்த நடுக்கம் இன்னும் இருக்கு. 2011இல உடம்பில கிறீஸ் பூசின ஆள் இரவில வருது, கிறீஸ் பூதம் எண்டு கிண்ணியா பக்கமும் எங்கட பக்கமும் ஆம்பிளையள் பொல்லோட இரவிரவா முழிச்சிருந்தது எல்லாம் அந்த நடுக்கத்தில வந்ததுதான், ஆக்களைக் கடத்தின வெள்ளை வான் மாதிரி ஒண்டைக் கண்டா எனக்கே இப்பவும் வயித்தைப் பிசையும். அந்த நடுக்கத்துக்குத்தான் இவையள் நாளுக்கு நாலு ரூபா வெட்டுகினம். சண்டைக் காலத்தில பிள்ளையளைத் துலைச்சிட்டு படத்தைப் பிடிச்சுக்கொண்டு றோட்டோரம் இருக்கிற அம்மாமாரும் இந்த ஊரிலதான் இருக்கினம், ஏழு மாசத்தில அவையளைப் பற்றி எனக்கு ஒரு 'டிங்'கும் வரேல்ல.

இனி கஸ்ரமர் கெயார். அடுத்த நாள் எடுத்தன். சிங்களத்துக்கு ஒண்டு, தமிழுக்கு ரெண்டு, பிறகு பதினாலு நிமிசம் பாட்டு. ஒரு பிள்ளை எடுத்தது, நல்ல மரியாதை, அதுக்கு அந்தப் பிள்ளைக்கு அஞ்சு ஸ்டார்.

"தங்கச்சி, நேற்று ரிங்கோவில காணாமப் போன பொடியன் கிடைச்சிட்டான். அதையும் ஒரு மெசேஜா போடச் சொல்லுங்கோ."

"சேர், உங்களுக்கு அந்த மெசேஜ் வரேல்லையா? போனை ஒருக்கா ஓவ் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்களன்."

"வரேல்ல இல்லை தங்கச்சி. நீங்கள் அனுப்பேல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "சேர், நியூஸ் போடுறது வேற செக்சன், நாங்க டெக்னிக்கல் மட்டும்தான், நான் கொம்ப்ளெயின் ஒண்டு போட்டு விடுறன்" எண்டது. மூண்டு நாளில எஸ்எம்எஸ் வந்தது, "தங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டுள்ளது. எமது சேவையை 1 முதல் 5 வரை மதிப்பிடவும்." நான் ஒண்டு அனுப்பினன். "மிக்க நன்றி" எண்டு வந்தது.

நிப்பாட்ட விரும்புற ஆக்களுக்கு: அவங்கட நம்பருக்கு 'அன்ரெக்' (UNREG) எண்டு இங்கிலிசில அடிச்சு அனுப்போணும், தமிழில 'நிறுத்து' எண்டு அனுப்பினா வேலை செய்யாது, தமிழ் சேர்விஸ் எண்டு பேர்தான். உறுதிப்படுத்தச் சொல்லி இன்னொரு மெசேஜ் வரும், அதுக்கும் பதில் போடோணும், இல்லாட்டி வெட்டிக்கொண்டே இருப்பாங்கள். எனக்கு நிப்பாட்டின பிறகும் ரெண்டு நாள் வெட்டினது. பிள்ளையளிட விசயமா ஏதாவது எண்டா 1929க்கு அடியுங்கோ, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட நம்பர், காசில்லை. காணாமப் போனா உடன 119. வட்ஸ்அப்பில படம் போடுறதெண்டா பிள்ளைட படத்தைப் போடுங்கோ, கண்டபிறகு அதை அழியுங்கோ. வேற ஆற்ற படமும் வேண்டாம்.

சட்டி அண்ணை அதுக்குப் பிறகு எங்கட ஒழுங்கைக்கு வரேல்ல. அண்டைக்கு இரவு அவரைப் பாலையூற்றுச் சந்தியில மறிச்சு நாலைஞ்சு பேர் கூடையைக் கொட்டித் தேடினவையாம், அடிச்சவையோ எண்டு ஆரும் சொல்லுகினமில்லை. மனிசி அவரிட்ட இடியப்ப அவிக்கிற பெரிய சட்டி ஒண்டு எடுத்தவ, இன்னும் ரெண்டு தவணை பாக்கி, ஆயிரத்து ஐந்நூறு ரூபா. காசை ஒரு என்வலப்பில போட்டு பிரிட்ஜுக்கு மேல வச்சிருக்கிறா. நம்பருக்கு எடுத்தா ஓவ். பின்னேரம் மோட்டசைக்கிள் சத்தம் கேட்டா இப்பவும் என்வலப்பைக் கையில எடுத்துக்கொண்டுதான் கேற்றடிக்குப் போறா.